‘சிநேகிதி’ என்று திருத்தியவர்களுக்கு

ஒஸ்லோவிலும் அக்கம்பக்கத்திலும் தமிழ்ச் சங்கங்களையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளையும் நடத்துகிற அண்ணன்மார், அக்காமாருக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பொங்கல், வாணி விழா, விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் கதிரை அடுக்கவும் சோற்றுக் கிடாரம் தூக்கவும் நிற்கிற ஆள்தான். 1988இல் வந்து, வடக்கே வார்டோவில் மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடம் கத்தியோடு நின்றுவிட்டு, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவன். பெயர் போடாததற்குக் காரணம் பயம் இல்லை, மகளின் பெயரும் சேர்ந்து அடிபடும் என்பதுதான். சரி, கொஞ்சம் பயமும்தான்.

இந்த வருடப் பொங்கல் விருந்துக்கு என் மகளுக்கும் சேர்த்து நான்தான் படிவம் நிரப்பினேன். குடும்பச் சீட்டில் ‘கணவர் பெயர்’, ‘மனைவி பெயர்’ என்று இரண்டு கட்டம். என் மகள் கட்டியிருப்பது ஒரு பெண்ணை. 2019இல் ஒஸ்லோ நகர மண்டபத்தில் பதிவு, அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். அதனால் ‘கணவர்’ என்பதை வெட்டி, இரண்டு கட்டத்துக்கும் ‘மனைவி’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்று மண்டப வாசலில் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், மருமகளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ‘சிநேகிதி’ என்று யாரோ திருத்தியிருந்தார்கள். குடும்பச் சீட்டு 600 குரோனர், தனிச் சீட்டு 400. ஆகவே இன்னும் 200 தரவேண்டும் என்றார்கள். மகள் ஒன்றும் கதைக்கவில்லை, கைபேசியை எடுத்து விப்ஸ் என்ற பணச் செயலியில் அனுப்பிவிட்டாள். 200 குரோனருக்கு இந்த ஊரில் ஒரு பீட்சாகூட ஒழுங்காக வராது. ஆனால் அவள் கைபேசியை எடுத்த வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்தபோதுதான் இது அவளுக்குப் பழகிப்போன விஷயம் என்று விளங்கியது.

பிறகு தேநீர் குடிக்கிற இடத்தில் ஒரு அண்ணன் என் தோளில் கைபோட்டு, ‘தம்பி, இதெல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம், எங்கட சனத்துக்குள்ள கொண்டுவராதையும்’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு அங்கே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் பழக்கம் என்றால், நோர்வேக்காரன் எதற்காக அதற்குச் சிறைத்தண்டனை வைத்திருந்தான்? 1902ஆம் வருடத்துத் தண்டனைச் சட்டத்தில் 213 என்று ஒரு பிரிவு. ஆணும் ஆணும் கூடினால் ஒரு வருடம் வரை சிறை. அதை எடுத்தது 1972 ஏப்ரலில்தான், நம்மில் பலர் பிறந்த பிறகு. அதற்கு முன் இங்கே தன்பாலீர்ப்பாளர்களுக்கு, அதாவது தன் பாலினத்தாரையே விரும்புகிறவர்களுக்கு, 1950இல் தொடங்கிய ஒரு சங்கம் இருந்தது. அங்கே ஆட்கள் சொந்தப் பெயரில் பழகவில்லை, புனைபெயர்தான். இயக்கப் பெயர்களோடு வாழ்ந்த நமக்கு அது ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சங்கத்திலிருந்து கிம் ஃப்ரீலே என்ற பெண் 1960களில் வெளியே வந்து, ஆம், நான் இப்படித்தான் என்று ஊரறியச் சொன்னார். வருடக்கணக்கில் பத்திரிகைகளோடும் மனநல வைத்தியர்களோடும் பாராளுமன்றத்தோடும் மல்லுக்கட்டினார். 1977இல்தான் இந்த நாட்டு மனநல வைத்தியர்கள் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1993இல் இப்படியான சோடிகளுக்குப் பதிவுத் துணை என்று ஒரு சட்டம், 2009 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எல்லோருக்கும் ஒரே கலியாணச் சட்டம். தேவாலயம் அதற்குப் பிறகும் இழுத்தடித்து 2017இல்தான் தன் பீடத்தின் முன்னால் கட்டிவைக்கச் சம்மதித்தது. அவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது, ஆகவே எங்கள் சனத்துக்கு ஒரே இரவில் மனம் மாறவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. 2002இல் இலங்கையில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபோது நாம் எல்லோரும் நோர்வே அரசாங்கத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினோமே, அந்த அரசாங்கத்தின் பிரதமர் பூந்தவிக் ஒரு பாதிரியார், கிறிஸ்தவ மக்கள் கட்சிக்காரர். அவருடைய நிதியமைச்சர் பேர்-கிறிஸ்தியான் ஃபொஸ் அதே வருடம் ஜனவரியில் தன் ஆண் துணையோடு உறவைப் பதிவுசெய்தார். அமைச்சரவை கவிழவில்லை. நம்மவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்தார்களோ தெரியாது, பார்த்திருந்தாலும் சமாதானம் வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் இதைக் குற்றமாக்குகிற சட்டமோ 1883இல் பிரித்தானியன் எழுதிவைத்தது, தண்டனைச் சட்டத்தின் 365, 365A பிரிவுகள். அதை நாமே 1995இல் பெண்களையும் சேர்த்து இழுத்து விரித்தோம். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனையைத்தான் அண்ணா. அவன் தன் நாட்டில் அதை எடுத்துப் போட்டுவிட்டான், நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

எனக்கு இதையெல்லாம் பிறவியிலேயே தெரியும் என்று நினைக்கவேண்டாம். மகள் முதன்முதல் சொன்னபோது நான் இரண்டு மாதம் அவளோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. மனைவி ஊரில் இருக்கிற ஒரு சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்துச் சாதகம் பார்த்தாள். பரிகாரத்துக்குக் காசும் அனுப்பினோம், எவ்வளவு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது, 2024 ஜனவரியிலிருந்து, ஒரு பிள்ளையை ‘மாற்றுகிறோம்’ என்று மருத்துவத்தாலோ சமயத்தாலோ நெருக்குவது இந்த நாட்டில் சிறைவரை போகக்கூடிய குற்றம். ஆகவே ஒரு தாய் அழுதுகொண்டு உங்களிடம் வந்தால், எங்களுக்குச் செய்ததுபோல ஒரு சாத்திரியாரின் இலக்கத்தைக் கொடுத்து அனுப்பவேண்டாம்.

எனக்கு நெஞ்சில் கிடக்கிற விஷயம் வேறு. 2022 ஜூன் 25, அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு, நகர நடுவில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற லண்டன் பப் என்ற மதுச்சாலையிலும் அதன் பக்கத்திலும் ஒருவன் சுட்டான். இருவர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பிரதமர் ஸ்டோரே அந்தப் பழைய 213க்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டிருந்தார். என் மகளும் அவள் மனைவியும் அன்றிரவு இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பரின் வீட்டில் இருந்தார்கள். எனக்கு அது தெரியாது. மூன்று மணியிலிருந்து ஐந்தேகால் வரை அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. ஐந்தேகாலுக்கு, ‘அப்பா, நான் இருக்கிறன்’ என்று ஒரு குறுஞ்செய்தி. மனைவி சாமியறையில் குந்திவிட்டாள். காலை எட்டு மணிக்கு நம்முடைய வட்சப் குழுவில் ஒருவர் போட்டார்: ‘கடவுள் புண்ணியத்தில் எங்கட பிள்ளைகள் ஒருத்தரும் அந்த மாதிரி இடத்துக்குப் போறேல்ல.’ அதற்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில் போட்டேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய். ஆட்கள் கேட்பார்களே என்றுதான் போட்டேன்.

அன்று நடக்கவிருந்த தன்பாலீர்ப்பாளர்களின் பெருமித (Pride) ஊர்வலத்தைப் பொலிசார் சொல்லி ரத்துசெய்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகவே தெருவில் இறங்கி நடந்தார்கள். மறுநாள் பேராலய ஆராதனைக்கு முடிக்குரிய இளவரசியும் பிரதமரும் வந்தார்கள். தமிழ் அமைப்புகளிடமிருந்து அறிக்கை ஏதும் வந்ததாக எனக்கு நினைவில்லை. நோர்வேயின் தேசிய தினமான மே 17க்கு நோர்வேக் கொடி பிடித்து முன்வரிசையில் நடக்கிற நாம் அன்று வீட்டில் இருந்தோம், நானும்தான்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. கொடி கட்டச் சொல்லவில்லை, மேடையில் பேச்சு வைக்கச் சொல்லவில்லை. அந்தப் படிவத்தில் ‘கணவர்’, ‘மனைவி’ என்ற இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு ‘துணை’ என்று ஒரு கட்டம் போடுங்கள், கணினியில் ஐந்து நிமிட வேலை. ஆசிரியர்மாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வகுப்பில் ஒரு பெடியன் இன்னொருவனை ‘ஹோமோ’ என்று கத்தினால் சிரித்துவிட்டுப் போகாமல் நிறுத்தவேண்டும், அந்த அறையில் யாரோ ஒரு பிள்ளை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ‘ஓரினச்சேர்க்கை’ என்று படுக்கையறையை மட்டும் காட்டுகிற சொல்லையும் விட்டுவிடலாம், ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கு எங்கள் குடும்பத்துக்கு நான்கு இருக்கை, ஒரே மேசையில். 200 குரோனரைத் திருப்பித் தரவேண்டாம், பாடசாலைக்குப் பேனா வாங்குங்கள், பச்சையைத் தவிர. அப்புறம், மருமகளுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது. சர்க்கரைப் பொங்கலில் போடுவதாக இருந்தால் ஒரு சின்னக் கிடாரத்தில் போடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், தூக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கதிரை அடுக்குகிறவன்