மரண வீட்டில் கடவுளுக்காக வாதாட வேண்டாம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் போதகர்களுக்கும் குருமாருக்கும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் சில பேச்சுகளை நிறுத்தும்படி கேட்கிறோம். "கடவுளுக்குப் பிரியமான பிள்ளை, அதுதான் எடுத்துக்கொண்டார்." "எல்லாம் நன்மைக்குத்தான்." "குடும்பத்தில் ஏதோ குறை இருந்திருக்கும்." கடைசிப் பேச்சு ஜாடையாகத்தான் வரும். தாய்க்கு அது நேராகவே போய்த் தைக்கும்.

முதற்பேச்சு தம்பி தங்கையைப் பிடித்துக்கொள்ளும். கடவுளுக்குப் பிரியமானால் செத்துப்போவோம் என்று விளங்கிக்கொண்ட ஐந்து வயதுப் பிள்ளை செபிக்கவே பயப்படும். "அண்ணா நித்திரை" என்றால் இரவில் கண்ணை மூடப் பயப்படும். "அண்ணா செத்துப்போனார். இனி மூச்சு வராது, நோவும் இல்லை. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். கடைசி வசனத்தை மறக்கவே வேண்டாம். அண்ணனோடு சண்டை பிடித்ததால்தான் இப்படியாயிற்று என்று சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள்.

வேதாகமத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் கூட இருந்தார்கள். அதுவரை சரி. பேசத் தொடங்கியதும் கடவுளைக் காப்பாற்றப் போய் யோபுவைக் குற்றவாளியாக்கினார்கள். யோபு நூலின் 42ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபித்தது அவர்கள்மேல். முறையிட்டவனை அவர் நியாயப்படுத்தினார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுனாமியாக வந்து கொண்டுபோன கடலுக்கும் அந்தப் பதில்தான். கடவுள் நல்லவர் என்று நம்புகிறவர்தான் அவரிடம் நியாயம் கேட்பார். கெட்டவரிடம் யார் கேட்பார்கள்? ஆகவே "ஏன்" என்று கதறும் தகப்பனை அடக்காதீர்கள், அவர் செபிக்கிறார்.

வாசிக்க 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். 18 வசனங்கள், மூன்று நிமிடம் போதும். 22ஆம் சங்கீதம் பாதியில் துதியாகத் திரும்பும். 88 திரும்பாமல் இருளிலேயே முடியும். அந்த முடிவு பொறுக்காமல் உடனே ஆறுதல் சொல்லும் 23ஐச் சேர்த்து வாசிப்பதுதான் நடக்கிற பிழை. நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்ததும் வீடு வெறிச்சோடும். உண்மையில் போகவேண்டியது அதற்குப் பிறகுதான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் அதில் இறந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறு வருடாவருடம் நகரும், ஏப்ரல் 21 நகராது. அந்தக் குடும்பங்களுக்கு நினைவுநாள் இரண்டு, இரண்டுக்கும் போங்கள். ஞாயிறன்று "அல்லேலூயா" பாட வாய் வராதவரைப் பாடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

வருகிற டிசம்பர் 26 ஆராதனையில் மத்தேயு 2:16-18ஐ வாசியுங்கள். ஏரோது குழந்தைகளைக் கொல்லும் அந்தப் பகுதியில், பிள்ளைகளுக்காக அழும் தாயான ராகேல் ஆறுதலடைய மறுக்கிறாள். மத்தேயு அவளைத் திருத்தவில்லை. பிறகு இறந்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். பதிவுப் பெயர் போதாது. வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று முதல் வாரமே உறவினரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
மரண வீடுகளுக்குத் துணைபோகும் பொதுநிலையினர்