வெளிமானின் பழுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் பழுப்புச் சாயலில் ஒரு யானைப் படம் வந்திருந்தது. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், காட்டில் இருக்கிற நிறத்தைப் பிடுங்கிவிட்டு வேறொரு சாயத்தைப் பூசுவது பொய்தானே என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. காட்டுயிர்ப் படம் என்றால் இருந்ததை இருந்தபடி காட்ட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடந்த இரண்டு வருடமாக இந்தச் சாயல் வேலையிலேயே மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறவன் என்பதால், படம் முழுவதற்கும் ஒரே சீராக ஏற்றி, ஏற்றியதைச் சொல்லியும் விட்டால் அது பொய்யாகாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கோடியக்கரையில் எடுத்த ஒரு படத்திலிருந்துதான் இது எனக்கு ஆரம்பித்தது. இராமர் பாதம் பக்கத்துப் புல்வெளி, காலை பத்தரை மணி, வெயில் ஏறிவிட்டது, கானல் வேறு. முதுகு கருத்த ஒரு ஆண் வெளிமான், முறுக்குக் கொம்பும் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமுமாக நேராக என்னைப் பார்த்து நின்றது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் கலரில் ஒன்றுமே இல்லை. காய்ந்த புல் மஞ்சள், மண் மஞ்சள், மானின் பக்கவாட்டும் ஏறக்குறைய அதே மஞ்சள். மான் புல்லுக்குள் கரைந்து கிடந்தது.

கறுப்பு-வெள்ளைக்கு மாற்றி, லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில், மஞ்சள் நிறம் எவ்வளவு வெளுத்த சாம்பலாக வேண்டும் என்று சொல்கிற ஸ்லைடரை மட்டும் மேலே தள்ளினேன். புல் வெளுத்தது, கருத்த முதுகு தனியாக எழுந்து நின்றது. அதே ஸ்லைடரைக் கீழே இழுத்தால் புல் இருண்டு, மான் மறுபடி உள்ளே போய்விடும். கலரைச் சும்மா நீக்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அப்புறம் சாயல். முதலில் தாராளமாக ஏற்றினேன், அளவு நூற்றுக்கு முப்பதுக்குப் பக்கத்தில் போய்விட்டது. டீ கொட்டின காகிதம் மாதிரி இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. இறக்கி இறக்கி, வெளிச்சப் பகுதிக்கு எட்டு அளவில் ஒரு மெல்லிய மஞ்சள் பழுப்பு, நிழலுக்கு ஐந்து அளவில் ஒரு துளி நீலம் என்று நிறுத்தினேன். இப்படி வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று சாயல் ஏற்றுவதை ஸ்ப்ளிட் டோனிங் என்று முன்பு சொன்னது, 2020-இல் லைட்ரூமில் கலர் கிரேடிங் ஆகிவிட்டது. செய்கிற வேலை அதேதான். சாயலே இல்லாமல் ஒன்று, பழுப்பில் ஒன்று, இரட்டைச் சாயலில் ஒன்று என்று மூன்று பிரிண்ட் போட்டு, கூடத்துச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வைத்தேன். பகலில் பிடித்தது ராத்திரி டியூப்லைட்டில் பிடிக்கவில்லை. கடைசியில் நின்றது பழுப்புதான். அந்தப் பத்தரை மணிச் சூடு அதில்தான் இருந்தது.

பிரிண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கலர் பேப்பரில் சுத்தமான சாம்பலை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. நான் முதலில் கொடுத்த லேபில் மானின் வயிற்று வெள்ளை பச்சையடித்துக்கொண்டு வந்தது. இரண்டு முறை திருப்பிக் கொடுத்தும் அதே பச்சை. சாயலை நாமே தீர்மானித்து ஏற்றிக் கொடுத்தபோது அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

பழுப்பு என்றாலே பழசு, அதனால் இது வெறும் பழைய நினைவு வேஷம் என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. டார்க்ரூமில் பிரிண்டை முதலில் வெளுக்கவைத்து, பிறகு சோடியம் சல்ஃபைடு கரைசலில் போடுவார்களாம். அழுகின முட்டை நாற்றம் வீட்டையே தூக்குமாம். படத்திலிருக்கிற வெள்ளி அப்போது வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. அது வெறும் வெள்ளியைவிட எளிதில் கெடாது. ஆகவே அந்தக் காலத்தில் படம் நீடித்து நிற்பதற்காகவும் பழுப்பு ஏற்றினார்கள். நாம் இன்று வைத்திருக்கிற பழைய பழுப்புப் படங்களில், சரியாக அலசாமல் விட்டுக் காலத்தால் பழுத்தவையும் உண்டு, வேண்டுமென்றே ஏற்றியவையும் உண்டு.

நிறம் இல்லாவிட்டால் காட்டுயிர் தெரியாது என்பவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவுபடுத்துகிறேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், பல பாகங்களைத் தானே பொருத்திக்கொண்ட கேமராவோடு காடு காடாக அலைந்தவர். யானையும் காட்டெருமையும் அவருடைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். நிறம் இல்லை என்பதே நினைவுக்கு வராது.

கலர் மட்டும் அப்படியே உண்மையா? கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில், ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்கிற கணக்கை, வெயிலிலிருந்து மேகமூட்டத்துக்கு மாற்றினாலே நீலகிரிப் பனிமூட்டத்தில் நிற்கிற யானையின் நிறம் மாறிவிடும். அங்கேயும் ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார்.

அதற்காக எல்லாவற்றுக்கும் சாயல் ஏற்றலாம் என்று சொல்ல மாட்டேன். பனங்காடை சிறகு விரிக்கும்போது தெரிகிற நீலத்தைச் சாம்பலாக்க எனக்கு மனசு வராது. வேடந்தாங்கலில் சங்குவளை நாரையின் வால் பக்கத்து இளஞ்சிவப்பும் அப்படித்தான். இனம் கண்டுபிடிக்கவோ பதிவுக்கோ அனுப்புகிற படம் என்றால் கலர்தான், வேறு பேச்சே இல்லை. காட்டைச் சாம்பலாக்கிவிட்டு புலியை மட்டும் ஆரஞ்சாக விடுகிறார்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அங்கேதான் வாசகர் சொன்ன பொய் வருகிறது. ஃபியாப் என்கிற சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பின் விதியும் இதற்கு ஒட்டித்தான் போகிறது: படம் முழுவதும் ஒரே சாயல் என்றால் கறுப்பு-வெள்ளைப் பிரிவில் சேர்க்கலாம், ஒரு பகுதிக்கு மட்டும் சாயலோ நிறமோ கொடுத்தால் அது கலர் படம். அந்தக் கணக்கில் என் இரட்டைச் சாயல் மானும் கறுப்பு-வெள்ளையில் சேராது. சரி, அது நியாயம்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். இப்படிப்பட்ட படம் போடும்போது அடியில் 'நிறம் நீக்கிப் பழுப்புச் சாயல் ஏற்றியது' என்று ஒரு வரி சேருங்கள்; அந்த யானைப் படத்தில் அது இருந்திருந்தால் வாசகருக்குக் கோபமே வந்திருக்காது. இன்னொன்று, அந்தப் படத்தை எங்கள் ஊருக்கு வந்த பிரதியில் நான் பார்த்தபோது நாலு கலர் மை சற்று விலகி, யானையின் தும்பிக்கை ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. மெல்லிய சாயலில் இந்தப் பிசகு உடனே கண்ணில் குத்தும். அச்சகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை