எங்க பொண்ணப் பாத்துக்கிட்ட சிஸ்டருங்க எல்லாருக்கும் ஒரு அப்பாவோட நன்றி

குழந்தைகள் வார்டு சிஸ்டருங்க, பிரதருங்க எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு 18 வயசு ஆயிடுச்சு, இனிமே பெரியவங்க கிளினிக்குக்குத்தான் போகணும்னு ஃபைல மாத்திக் குடுத்துட்டாங்க. ஆறு வயசுல டைப் 1 சர்க்கரைன்னு, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோய்னு தெரிஞ்சதுல இருந்து இப்ப வரைக்கும் அவள வளத்ததுல பாதி நாங்கன்னா பாதி நீங்கதான். அத நேர்ல சொல்லலாம்னு வந்தா எனக்குப் பேச்சு வரல, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். யார் பேரும் போடல, படிச்சா யாரச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

அவள அட்மிட் பண்ணப்ப டிகேஏ. அதாவது உடம்புல இன்சுலின் இல்லாததால சர்க்கரைய எடுத்துக்க முடியாம கொழுப்ப எரிச்சு, ரத்தத்துல கீட்டோன் சேந்து அமிலமாயிடுற நெலம. அதுக்கு முன்னாடி தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கிட்டே இருந்தா, படுக்கைய நனைக்கிறத எப்பவோ நிறுத்துன பிள்ள மறுபடி நனைச்சா, மடமடன்னு எளைச்சா. (இதப் படிக்கிற உங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தா அன்னிக்கே விரல்ல குத்தி சர்க்கரை பாத்துருங்க, நாளைக்குன்னு தள்ளவே தள்ளாதீங்க.)

அந்த ஐசியூ ராத்திரி டியூட்டி சிஸ்டர்... உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்றதுன்னே தெரியல. மணிக்கு ஒரு தடவ வந்து அவள எழுப்புனீங்க, பேரக் கேட்டீங்க, கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தீங்க, தலை வலிக்குதாடா தங்கம்னு கேட்டீங்க. பிள்ள இப்பத்தான கண் அசந்துச்சுன்னு நான் பாத்த பார்வையிலயே புரிஞ்சுக்கிட்டு, டிகேஏக்கு வைத்தியம் பண்ணும்போது அபூர்வமா சில பிள்ளைங்களுக்கு மூளையில வீக்கம் வரும், அது தலைவலியாவோ அளவுக்கு மீறின தூக்கமாவோதான் மொதல்ல தெரியும், அதனால தூங்குறாளா மயங்குறாளான்னு நான் பாத்தே ஆகணும்னு பொறுமையா சொன்னீங்க. இன்சுலின் ஏற ஏற ரத்தத்துல பொட்டாசியமும் கொறையும்னு அதுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பிக்கிட்டே இருந்தீங்க. மானிட்டர் பாட்டுக்கு ஓடுது, ஆனா பிள்ளையோட மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதான்.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற ஒண்ணு. நீங்க எல்லாருமே எப்பவும் மொதல்ல அவகிட்டதான் பேசுனீங்க. ஆறு வயசுப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்னு தாண்டிப் போய் எங்ககிட்ட பேசல. ஊசி போடுறதுக்கு முன்னாடி வலிக்கவே வலிக்காதுன்னு ஒரு தடவகூட பொய் சொல்லல, சுருக்குன்னு இருக்கும், நான் அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், வலது கையா இடது கையான்னு அவளையே கேட்டீங்க. படுக்க வெச்சு நாலு பேர் அமுக்கிப் பிடிக்காம, அம்மா மடியில நிமிந்து உக்கார வெச்சுக் கட்டிப்பிடிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு ஐவி போட்டீங்க, அதுக்கு முன்னாடியே மரத்துப்போற கிரீமத் தடவிட்டு அது வேல செய்ய ஒரு மணி நேரம் ஆகும்னு காத்திருந்தீங்க, அவ்ளோ வேலைக்கு நடுவுல! சிரிக்கிற மொகத்துல இருந்து அழற மொகம் வரைக்கும் படம் போட்ட அட்டைய நீட்டி, இதுல எந்த மொகம் மாதிரி வலிக்குதுன்னு கேட்டப்ப அவ ரொம்ப நேரம் யோசிச்சு விரல வெச்சா. தன் வலிய இன்னொருத்தர் கேட்டு எழுதிக்கிறாங்கன்னு அவளுக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்னு நான் நெனக்கிறேன்.

வார்டுல அவ பக்கத்துலயே எங்கள இருக்க விட்டதுக்கும் நன்றி. இது என்ன பெரிய விஷயம்னு தோணலாம், ஆனா பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஒரு காலத்துல பல ஆஸ்பத்திரில பெத்தவங்களையே உள்ள விடமாட்டாங்களாம், பிள்ள அழும், வேல கெடும்னு. பிரிட்டன்ல 1959-ல பிளாட் ரிப்போர்ட்னு ஒண்ணு வந்துதான் பெத்தவங்க எந்த நேரமும் வரலாம்னு விடணும்னு சொல்லிச்சு. அதப் படிச்சப்ப அந்தக் காலத்துப் பிள்ளைங்கள நெனச்சு மனசு கஷ்டமாயிடுச்சு.

அடுத்து எங்களுக்கு சர்க்கரைப் பாடம் எடுத்த சிஸ்டர். நீங்க இல்லன்னா நாங்க வீட்டுக்கே போயிருக்க மாட்டோம். இன்சுலின் ஊசிய வயிறு, தொடை, கை, பின்பக்கம்னு இடத்த மாத்தி மாத்திப் போடணும், ஒரே எடத்துல போட்டா கொழுப்பு கட்டி இன்சுலின் சரியா உள்ள போகாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்துனா வலி கம்மி, குத்துறதுக்கு முன்னாடி கைய கழுவலன்னா விரல்ல ஒட்டுன இனிப்பு மெஷின்ல சர்க்கரையா ஏறும், பேனா ஊசிய அழுத்துன ஒடனே உருவாம பத்து எண்ணி எடு. இதெல்லாம் இன்னிக்கும் வீட்டுல அப்படியே நடக்குது. ஒரு மில்லில 40 யூனிட் இன்சுலின் இருக்கிற மருந்துக்கு செவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, மாத்திட்டா டோஸ் ரெண்டரை மடங்கு மாறிடும்னு எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா திருப்பிச் சொல்ல வெச்சீங்க. சர்க்கரை 70-க்குக் கீழ போனா ஒடனே குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும், நெனவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, சர்க்கரைய ஏத்துற குளுக்ககான் மருந்து போடணும். காய்ச்சல்னு பிள்ள சாப்பிடாட்டியும் இன்சுலின முழுசா நிறுத்தவே கூடாது, கீட்டோன் பாக்கணும், கூப்பிடணும். கூப்பிட்டப்பெல்லாம் எடுத்தீங்க, நேரங்கெட்ட நேரத்துலகூட.

அப்புறம் அந்தக் கதை. ஏன் எனக்கு மட்டும் ஊசின்னு அவ அழுதப்ப, 1922 ஜனவரில கனடாவுல டொரண்டோ ஆஸ்பத்திரில லியோனார்ட் தாம்சன்னு ஒரு 14 வயசுப் பையனுக்குத்தான் மொத மொதல்ல இன்சுலின் ஊசி போட்டாங்க, மொத ஊசி சரியா வேல செய்யல, மருந்த இன்னும் சுத்தம் பண்ணி ரெண்டு வாரத்துக்குள்ள மறுபடி போட்டாங்க, அவன் தேறிட்டான்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க பொழைக்கிறது ரொம்பக் கஷ்டம்னு அவளுக்கு ஏத்த மாதிரி மெதுவா சொன்னீங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு லியோனார்ட் அண்ணான்னுதான் அவனப் பத்திப் பேசுவா.

டீன் ஏஜ் வந்தப்பதான் உங்களோட அரும முழுசா புரிஞ்சுது. வயசுக்கு வர்ற நேரத்துல வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடுறதால இன்சுலின் சரியா வேல செய்யாது, டோஸ் கூடத்தான் தேவைப்படும், அது பிள்ளையோட தப்பு இல்லன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி வீட்டுல தெனம் சண்டதான். ரெண்டு மூணு மாச சர்க்கரையோட சராசரியக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் ஏறி வந்தாலும் உங்க மொகம் மாறாது, அந்த மூணு மாசம் எப்படிப் போச்சு, ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னுதான் கேப்பீங்க. ஒரு நாள் என்னப் பாத்து, அப்பா நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க, நான் அவகிட்ட தனியா பேசணும்னு சொன்னீங்க. உசுருக்கு ஆபத்தான விஷயம்னா கண்டிப்பா உங்ககிட்ட சொல்லுவோம், மத்தது எனக்கும் அவளுக்கும்னு அவ முன்னாடியே சொன்னீங்க. எனக்கு அப்ப சுருக்குன்னுதான் இருந்துச்சு, பொறந்ததுல இருந்து பாத்த பிள்ள. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு அவளே எங்ககிட்ட வந்து சொன்னா, ஒடம்பு போடுதுன்னு பயந்து சில ராத்திரி ஊசிய விட்டிருக்கா, ஃபிரெண்ட்ஸ் முன்னாடி எடுக்க வெக்கப்பட்டு விட்டிருக்கா. அத மொதல்ல நம்பி சொன்னது உங்ககிட்டதானாம். நீங்க திட்டலயாம், வேற நேரம், வேற எடம்னு அவகூட சேந்து யோசிச்சீங்களாம். திட்டியிருந்தா அவ மறைச்சிருப்பா, மறைச்சிருந்தா மறுபடி டிகேஏதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அப்படியே கொஞ்சம் கொஞ்சமா வேலைய அவ கைக்கு மாத்திட்டீங்க. மொதல்ல மெஷின், அப்புறம் ஊசி, அப்புறம் மாவுச்சத்துக் கணக்கு, கடைசியா டாக்டர்கிட்ட அவளே பேசுறது. எங்ககிட்டயும் சொல்லிட்டே இருந்தீங்க, மொத்தமா விட்டுறாதீங்க, பக்கத்துல இருங்க ஆனா கைய விடுங்கன்னு. இப்ப புது கிளினிக்குக்குப் போறப்ப கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் அவளே எழுதி வெச்சிருக்கா.

வார்டப் பெருக்க வர்றப்பெல்லாம் அவகிட்ட ரெண்டு வார்த்த பேசாம போகாத அக்காவுக்கும், ரத்தம் எடுக்க வந்து ஒரே குத்துல முடிச்ச லேப் பிரதருக்கும், மேஜைல குளுக்கோஸ் வெச்சுக்கிட்டு அவ மொகம் வெளிறுனா ஒடனே கண்டுபுடிச்ச கிளாஸ் டீச்சருக்கும், பக்கத்து பெட்ல தன் பிள்ளைக்குக் கீமோ ஓடிக்கிட்டு இருந்தப்பவும் எங்களுக்குத் தைரியம் சொன்ன அந்த அம்மாவுக்கும் நன்றி. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

கடைசியா அவ சொல்லச் சொன்னது. புதுசா டைப் 1-னு தெரிஞ்சு பயந்து போய் இருக்கிற பிள்ளைங்க யாராவது அட்மிட் ஆனா, அவங்ககிட்ட பேசக் கூப்பிடுங்க, காலேஜ் முடிஞ்சு வந்துருவேன்னு சொல்றா. நம்பர் உங்க ஃபைல்லயே இருக்கு. தயங்காம கூப்பிடுங்க சிஸ்டர், நானே கூட்டிட்டு வர்றேன்.