பத்திரம் பீரோவில் இல்லாதது நல்லதாயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் முதல் வேலையாக வீட்டுக் கடனை அடைத்துவிடுங்கள்' என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் அந்த 'முதல் வேலையாக' என்பதைக் கொஞ்சம் யோசித்திருப்பார்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்தில் ஒரு பழைய வீட்டை 2016-இல் வாங்கிப் புதுப்பித்தோம். மகனையும் சேர்த்துக்கொண்டு 20 லட்சம் கடன். ஓய்வு பெற்றபோது பாக்கி 15 லட்சம், வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 18,600 ரூபாய். மகள் கல்யாணக் கடனெல்லாம் தீர்ந்து என் கையில் நின்றதும் அதே 15 லட்சம். கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரருக்கு ஒரே பேச்சு. "பத்திரம் நம்ம பீரோவுல இருந்தாத்தான் அது நம்ம வீடு. அதுவரைக்கும் நாம பேங்குக்காரனுக்குக் குடக்கூலிதான்." மகன் சென்னையிலிருந்து போனில் சொன்னான்: "அம்மா, மொத்தத்தையும் செவுத்துல பூசிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா செவுத்தைச் சுரண்டியா கட்டுவீங்க?" அவன் மியூச்சுவல் பண்ட் பற்றியும் சொன்னான். அறுபது வயதில் அந்த ஏற்ற இறக்கம் எனக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 5 லட்சத்தை மட்டும் கட்டி, தவணையை மாற்றாமல் அதே 18,600 கட்டி வந்தால், 124 மாதம் ஓட வேண்டிய கடன் 69 மாதத்தில் முடிகிறது. காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் மாதம் 12,400 தான் வரும். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் மொத்த வட்டி 2.85 லட்சத்துக்குப் பதில் 5.4 லட்சம் ஆகிவிடும். கிளையில் "எதைக் குறைக்கணும் டீச்சர்?" என்று கேட்டபோது காலத்தைத்தான் என்று எழுதிக் கொடுத்தேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. வங்கிகள் அதை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வரிச் சலுகை போய்விடுமே என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. புதிய வரி முறைக்கு வந்தவர்களுக்கு, குடியிருக்கிற வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகையே இல்லை. எனக்கு அந்தக் கவலையும் இல்லை.

மீதி 10 லட்சத்தில் 6 லட்சத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டேன். 4 லட்சம் வங்கி டெபாசிட், ஏழரை சதவீதம். கடன் வட்டிக்கும் இந்த வட்டிக்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு 10,800 ரூபாய், மாதம் 900. கையில் பணம் இருப்பதற்கு நான் கொடுக்கிற காவல் கூலி என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் டிசம்பர் 17 வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. ராத்திரி தாமிரபரணி தெருவுக்குள் வந்தது, விடிவதற்குள் வீட்டுக்குள் இடுப்பளவு. எதிர்வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தோம், அவர்கள் வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு. தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனால் பிரிட்ஜ் கவிழ்ந்து கிடக்கிறது, கிரைண்டருக்குள் சகதி, ஒயரிங் போச்சு, மோட்டார் போச்சு, ஸ்கூட்டர் போச்சு. பீரோவைத் திறந்ததும் கல்யாணப் பட்டுச்சேலையிலிருந்து சேறு வழிந்தது. அதன் லாக்கருக்குள் இருந்த இன்ஷூரன்ஸ் காகிதங்கள், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டு எல்லாம் கூழ்.

வீட்டுக்காரர் அந்தக் கூழைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லவேளை, பத்திரம் பேங்குல இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தோம்.

அரசு கொடுத்த 6,000 ரூபாயை நன்றியோடு வாங்கினோம். எங்களுக்கு ஆன செலவு 3,20,000. வங்கி திறந்ததும் 4 லட்சம் டெபாசிட்டை உடைத்தேன். கொஞ்சம் வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதைக் கடனில் போட்டிருந்தால் திருப்பிக் கேட்க முடியுமா? இன்னொரு கடனுக்கு எழுதிப் போட வேண்டும், இல்லை நகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துத் தெருவில் அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். குறுக்குத்துறை முருகனே ஆற்றுக்குள் கோயில் கொண்டிருந்தாலும், வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். சாமிக்கே மேட்டில் ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி, அதாவது ரெப்போ வட்டி, 2025-இல் ஆறரையிலிருந்து ஐந்தேகாலுக்கு இறங்கியது. என் கடன் வட்டியும் 7.75-க்கு வந்துவிட்டது. தபால் ஆபீஸ் பணமோ ஐந்து வருஷத்துக்கும் அதே 8.2 தான். இப்போது அந்த 6 லட்சத்துக்குக் காவல் கூலி நான் கொடுக்கவில்லை, எனக்கு வருகிறது.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். மாதம் 41,000 பென்ஷனில் 18,600 போவது வலிக்கத்தான் செய்கிறது. பென்ஷனும் இல்லாதவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடன் 2029-இல் முடியும். முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிந்து வில்லங்கச் சான்றில் அடமானத்தை நீக்கும் வேலையும் இருக்கிறது. அதற்கு நானே போவேன். பத்திரத்தை எங்கே வைப்பது என்பதை வீட்டுக்காரர் இப்போதே முடிவு செய்துவிட்டார். பீரோவில் இல்லையாம். பரணில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி.