பழமை மோகம் அன்று, கட்டுமானத்தின் மீதுள்ள மதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கிராண்ட் பியானோக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவற்றின் மீது பியானோ டெக்னீஷியன்களுக்கு உள்ள பற்றைப் பழமை மோகம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனின் மேசன் அண்ட் ஹாம்லின் நிறுவனம் செய்த கிராண்ட் பியானோக்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பியானோவின் கம்பிகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 20 டன் விசையுடன் இழுக்கின்றன. அதில் பெரும்பகுதியை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்கிறது. நாதத்தைப் பரப்புவதோ ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இல்லாத, ஸ்ப்ரூஸ் மரத்தாலான சவுண்ட்போர்டு. நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும் அந்தப் பலகைதான், பிரிட்ஜ் எனப்படும், கம்பிகள் அமர்ந்திருக்கும் மரக்கட்டை வழியாக அவை தரும் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. சுற்றியுள்ள மரச்சட்டம் வெளிப்புறமாக விரிந்தால் வளைவு தட்டையாகி, சுரத்தின் நீட்சி குறைந்துவிடும் என்று கருதிய அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெர்ட்ஸ், பியானோவின் அடியில் ஒரு மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிந்துசென்று சட்டத்தை உட்புறமாக இழுத்துப் பிடிக்கும் எஃகுத் தண்டுகளை வடிவமைத்து 1900இல் காப்புரிமை பெற்றார். இத்தண்டுகள் எவ்வளவு பயன் தருகின்றன என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்நிறுவனம் பயன்படுத்திய மிகத் தடிமனான மேப்பிள் சட்டத்துக்கே கூடுதல் பெருமை சேரும் என்பது என் எண்ணம்.

வளைவு எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய, பியானோவின் அடியில் படுத்து, சவுண்ட்போர்டின் அடியில் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கும் நீண்ட விலாக்கட்டை ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் போதும். நடுவில் நூலுக்கும் கட்டைக்கும் இடையே சிறு இடைவெளி தெரிந்தால் வளைவு இருக்கிறது என்று பொருள். வயதான பியானோவில் அந்த இடைவெளியைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியைத்தான் கட்டுரையாளர் மோகம் என்கிறார்.

பழுதுபார்ப்பதற்கு இடம் தருவதும் இப்பற்றுக்கு முக்கியக் காரணம். அன்றைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசை வெப்பமும் ஈரமும் பட்டால் இளகும் என்பதால், மூட்டுகளை மரத்துக்குச் சேதமின்றிப் பிரிக்க முடிகிறது. கம்பிகள், அவற்றைத் தட்டி ஒலி எழுப்பும் ஹாமர்கள், கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் பின்கள் பதிந்திருக்கும் பின் பிளாக் என்ற மரக்கட்டை ஆகிய அனைத்தையும் புதிதாக மாற்றலாம். இரும்புச் சட்டத்தில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் நானும் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

மேல்பூச்சு மங்கிவிட்டது, சுருதி நிற்கவில்லை என்ற காரணங்களுக்காக இத்தகைய கருவிகளைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பூச்சைப் புதுப்பிக்கலாம், சுருதி நிற்காததற்குப் பெரும்பாலும் தளர்ந்த பின்களே காரணம், சற்றுப் பருமனான பின்களைப் பொருத்தியே பல வேளைகளில் அதைச் சரிசெய்துவிட முடியும். விற்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு டெக்னீஷியனை அழைத்து அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பியானோ டெக்னீஷியன் ஒருவர்