எங்கள் பாட்டுகளைக் காதில் விழவைத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பேண்டின் பழைய ஒலிப்பதிவுகள் ஒருவழியாக எல்லோரும் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டன. நாங்கள் யாரும் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை, வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கூடி வாசித்தவர்கள். பாட்டுகளைக் கேட்டுவிட்டு நண்பர்கள் எங்களைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள், மகிழ்ச்சிதான், ஆனால் அந்தப் பாராட்டு முழுவதையும் நாங்களே வாங்கிவைத்துக்கொள்வது நியாயமில்லை. வாசித்தது நாங்கள், அதைக் கேட்கும்படி செய்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, கேசட்டுகளை மீட்டுக் கொடுத்த அண்ணனுக்கு. ஆரம்பப் பாட்டுகளை எல்லாம் நான்கு டிராக் கேசட் ரிக்கார்டரில், அதாவது ஒரே நாடாவில் நான்கு தனித்தனித் தடங்களாக ஒலியைப் பதிகிற கருவியில், பதிவு செய்தோம். 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயரில் கொண்டுவந்ததே, அந்த வகைக் கருவி. சாதாரண கேசட்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் உரிய நான்கு டிராக்குகளையும் ஒரே திசையில் பதிவு செய்யும், எங்களுடையது இரண்டு மடங்கு வேகத்தில் வேறு ஓடும். அதனால் அந்தக் கேசட்டை வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டால் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, இரண்டு டிராக் மட்டும்தான் கேட்கும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்பக்கமாக ஓடும். போட்டுக் கேட்டவர்கள் எல்லாம் கேசட் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். அண்ணன் அரை நிமிடம் கேட்டார், "இது நாலு டிராக் நாடா, ஒன்றும் ஆகவில்லை" என்றார். அப்புறம் அதே வகைக் கருவி ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, நாடாவைப் படிக்கிற அதன் ஹெட்டைத் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சிம்பல் தட்டின் கூர்மை திறந்துகொள்ளும் இடத்தில் நிறுத்தி, நான்கு டிராக்கையும் தனித்தனியாகக் கணினியில் ஏற்றினார். நாடாவின் இரைச்சலை முழுசாக எடுத்துவிடலாமே என்று எங்களில் ஒருவன் கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார், அதை அடியோடு எடுத்தால் சிம்பல் தேய்ந்து அடங்குகிற வாலும் பாடுகிறவள் மூச்சிழுக்கிற சத்தமும் கூடவே போய்விடுமாம். இப்போது கேட்டால் அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த மூச்சு இல்லாவிட்டால் அது அவள் குரலே இல்லை.

அந்தக் காலத்தில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர்களுக்கு முன்னால் உட்கார்ந்த நண்பனுக்கு அடுத்தது. நான்கு டிராக் எதற்குப் போதும்? டிரம்ஸ், பேஸ், கிடார் மூன்றையும் மூன்று டிராக்கில் வாசித்து, அவற்றைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, பழைய மூன்றையும் அழித்து அவற்றின் மேல் குரலையும் கீபோர்டையும் பதிவு செய்ய வேண்டும். கலந்தது கலந்ததுதான், பேஸ் தூக்கலாகப் போய்விட்டால் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும். குரல் இன்னும் பாடப்படாத பாட்டில், குரல் வந்து உட்காரப் போகிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு அவன் அளவு போட்டான். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவன் அவன். இத்தனை வருடம் கழித்து, எவ்வளவோ வசதிகள் வந்த பிறகு கேட்கும்போதும் அந்த அளவுகளில் கைவைக்கத் தோன்றவில்லை. டேய், எங்கள் பேண்டில் நல்ல காது உன்னுடையதுதான், அப்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

ஒத்திகைக்கு அறை தந்த குடும்பத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் என்ன சொல்வது! சுவரெல்லாம் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டோம், அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், குரல் சுத்தமாகக் கேட்கும், ஆனால் கிக் டிரம்மும் பேஸும் போடுகிற கீழ்ச் சத்தத்தைப் போர்வை எங்கே தடுக்கும், அது சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அவர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை, நான் வாசித்த பேஸை மட்டும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிற வாரம் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு பாட்டுகூட உருப்படியாக வந்திருக்காது.

மேடை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒலியமைப்பு பார்த்த அந்தப் பெரியவர்தான். சின்ன பேண்ட் என்றால் சவுண்ட் செக்குக்கு நேரம் கிடைப்பதே அபூர்வம், கேபிளைச் செருகுவதற்குள் அறிவிப்பு வந்துவிடும். அவர் அப்படி விடவில்லை. மேடையில் நாங்கள் எங்களையே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரைப் பாடுகிற மைக்கின் பின்பக்கத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார், அந்த வகை மைக் பின்னாலிருந்து வரும் சத்தத்தை மிகக் குறைவாகத்தான் வாங்கும் என்பதால் அதுவரை கூவிக்கொண்டிருந்த மைக் அடங்கியது. பிறகு எங்களைக் கிட்டக் கிட்ட நிற்கச் சொன்னார். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், 10 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் 30 மில்லிசெகண்ட் பிந்தி வரும், தாளம் பிடிபடாது என்று விளக்கினார். பெரிய மேடை கிடைத்ததே என்று ஆளுக்கொரு மூலையில் பரவி நின்றவர்கள் அன்றைக்கு நெருங்கி வந்தோம், அதற்கப்புறம் எந்த மேடையிலும் விலகி நிற்கவில்லை. அந்த மேடைப் பதிவில் நாங்கள் ஒட்டி வாசிப்பது தெளிவாகக் கேட்கும்.

காது மருத்துவம் படித்த தோழியை எப்படி விடுவது. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு, 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொருவர் காதிலும் அடைப்பானை அவளே வைத்துவிட்டாள். எங்கள் டிரம்மருக்கு இன்றும் மெல்லிய சத்தம் நன்றாகக் கேட்கிறது. நன்றி தோழி, உனக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

பிந்தைய பாட்டுகளைக் கணினியில் பதிவு செய்து தந்த தம்பி, நீ ஒரு பாட்டுக்கு, வேகம் மாறாமல் இருக்கக் காதில் டிக் டிக் என்று ஒலிக்கிற கிளிக்கை நிறுத்திவிட்டு "நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள்" என்று சொன்னாயே, சரணத்தில் நாங்கள் லேசாக வேகம் பிடிப்பதை அப்படியே விட்டாயே, அந்தப் பாட்டைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும், கூட்டமே இல்லாத நிகழ்ச்சிகளிலும் முன்வரிசையில் வந்து நின்றவர்களுக்கும் எங்கள் அன்பு.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதல் பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது, இந்தத் தடவை குரலோடு. மற்ற எல்லோருக்கும் இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுவோம். தனித்தனி டிராக்காக வேண்டுமென்றாலும் கேளுங்கள், அப்படியே தருகிறோம்.

அன்புடன்,
பேஸ் வாசித்தவன், பேண்டில் எல்லோருக்காகவும்