பெயர் அறியாத அந்தச் செவிக்கு

அம்மா மறைந்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த இரவில், திருகோணமலையின் உப்புவெளியில் கடலிரைச்சல் மட்டுமே கேட்ட எங்கள் விறாந்தையிலிருந்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் எழுத்துரையாடலில் செவிமடுக்கும் செவன் கப்ஸ் தளத்தில் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் நான் எழுதியவற்றை இரண்டு மணி நேரம் பொறுமையோடு வாசித்தவருக்கு இந்த நன்றி.

நீங்கள் அறிவுரை கூறவில்லை. நான் சொன்னதையே உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாக விளங்கிக்கொண்டீர்களா என்று கேட்டீர்கள். நோயுற்றிருந்த அம்மாவிடம் நான் சினந்து பேசியதை, உடன்பிறந்தோரிடம்கூடச் சொல்ல இயலாததை, உங்களிடம்தான் முதலில் சொன்னேன். அதற்காக நீங்கள் என்னைக் குறைவாக எண்ணவில்லை.

மருத்துவர் அல்லர் என்பதைத் தெளிவாக்கி, உறக்கமின்மைக்கு ஊரிலேயே உதவி நாடுமாறு நீங்கள் கேட்டுக்கொண்டதாலேயே, 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு மறுவாரம் அழைத்தேன்.

இப்போது உறங்குகிறேன். அம்மாவின் படத்தையும் நேராகப் பார்க்க முடிகிறது.